சம்பந்தி வீட்டுப் பச்சைக் கட்டங்கள்

மகளைப் பஞ்சாபி வீட்டில் கட்டிக்கொடுத்த முதல் குளிர்காலத்தில், சம்பந்தியம்மா எனக்காக ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறார் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை இரண்டு குடும்பத்தையும் சேர்த்து போனில் ஒரு குரூப் தொடங்கியிருந்தார். அதில் தினமும் காலையில் சம்பந்தியம்மா சின்னச் சின்னச் சதுரங்களாக ஒரு படம் போடுவார். வரிசைக்கு ஐந்து சதுரம். சிலது கறுப்பு, சிலது மஞ்சள், கடைசி வரிசை முழுக்கப் பச்சை. கூட ஒரு வார்த்தை இருக்காது. தில்லிக் குளிரில் மதிய வெயிலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பஞ்சாபிப் பெண்கள் ஊசியும் நூலுமாகப் பின்னுவதை ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். இது பின்னலுக்கான மாதிரிதான், தினம் ஒன்றாக அனுப்பி என் விருப்பத்தைக் கேட்கிறார் என்று முடிவு கட்டினேன்.

பத்துப் பன்னிரண்டு மாதிரி வந்த பிறகும் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது. சகோதரி என்று முறைவைத்து, எனக்குத் தெரிந்த இந்தியில் எழுதினேன்: "பெஹன்ஜி, எல்லாமே ரொம்ப அழகு. மஞ்சளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பச்சை கரைக்கு மட்டும் போதும். முழுக்கை வேண்டும். உடம்பு உங்கள் அளவைவிட ஒரு சுற்றுச் சின்னதாக இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்தார். பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை இருமினார். "அம்மா, அது ஸ்வெட்டர் இல்லை. அது ஒரு கேம்."

பின்னால் என் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆட்டம் இதுதான். போனில் தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஒளிந்திருக்கும். ஐந்தே எழுத்து. ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் வார்த்தையில் ஓர் எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை. எழுத்து உண்டு, ஆனால் இடம் மாறியிருக்கிறது என்றால் மஞ்சள். இல்லவே இல்லை என்றால் கறுப்பு. ஊருக்கெல்லாம் ஒரே வார்த்தை என்பதால் ஆடி முடித்தவர்கள் எழுத்தை மறைத்து வெறும் கட்டங்களை மட்டும் அனுப்பி, எத்தனையாவது வாய்ப்பில் முடித்தேன் பார் என்று பெருமை அடித்துக்கொள்ளலாம். சம்பந்தியம்மா செய்தது அந்தப் பெருமையைத்தான்.

அவருக்கு அந்தப் பெருமை பொருந்தும். ரஜோரி கார்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆகும்வரை இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். கல்யாண மண்டபத்தில் என்னை அறிமுகம் செய்யும்போதே, நான் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திருத்திவிட்டுத்தான் கட்டிப்பிடித்தார். நானும் சும்மா ஆள் இல்லை. அமைச்சகத்தில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்து, அதிகாரிகள் மென்று விழுங்குகிற இங்கிலீஷை எல்லாம் பிடித்துத் தட்டெழுதி, இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவள். ஐந்தெழுத்து எனக்கு எம்மாத்திரம் என்று மறுநாளே நானும் இறங்கினேன்.

ஆறு வாய்ப்பிலும் தோற்றேன். அதற்கடுத்த நாளும் தோற்றேன்.

கோளாறு எங்கே என்று பஸ்ஸில் போகும்போது யோசித்துப் பார்த்தேன். சுருக்கெழுத்தில் உயிரெழுத்துக்கு மதிப்பே கிடையாது. அவசரத்தில் ஏ, இ, ஐ எல்லாவற்றையும் விட்டுவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் எழுதுவோம். அத்தனை வருஷப் பழக்கத்தில், எந்த வார்த்தையை நினைத்தாலும் எனக்கு அதன் எலும்புதான் முன்னால் வந்து நின்றது. இந்த ஆட்டமோ சதையைக் கேட்கிற ஆட்டம்.

சம்பந்தியம்மா குரூப்பில் ஆறுதல் எழுதினார்: "பரவாயில்லை பெஹன்ஜி. இங்கிலீஷ் என்றால் இங்கிலீஷ்தான்."

இதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்காரர். பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவுக டீச்சர்லா. ஆறுதலாச் சொல்லியிருப்பாக. நீ என்னத்துக்குக் கெடந்து பொகையுத?"

"ஆறுதலா? குத்திக் காட்டுதாக, உங்களுக்குத் தெரியலையா?"

அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் பேப்பர் படித்தார்.

நான் விடவில்லை. முதல் வார்த்தையிலேயே உயிரெழுத்துகளை வளைத்துப் பிடிக்கப் பழகினேன். ஒரே வார்த்தைக்குள் நாலு உயிரெழுத்தை அடைத்துவைத்திருக்கும் 'ஆடியோ' எனக்கு உற்ற தோழியானது. பனி விலகி வெயில் ஏறியபோது நான் நாலாவது வாய்ப்பில் முடிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். சில நாள் மூன்றில். சம்பந்தியம்மா நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் தள்ளாடிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் முழுக்க நான் முந்தினேன். அந்த வாரம் நான் செய்த சாம்பாரில்கூட ஒரு கம்பீரம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் வினோதம் ஆரம்பித்தது. விடியற்காலையில் கட்டங்களை அனுப்புகிறவர், பூஜையெல்லாம் முடிந்து ஒன்பது மணி வாக்கில் அனுப்பத் தொடங்கினார். அதாவது நான் அனுப்பிய பிறகு. நான் நாலில் முடித்தால் அவர் மூன்றில் முடித்திருந்தார். நான் மூன்று என்றால் அவர் இரண்டு. எனக்கு ஐந்தாகிவிட்ட நாளில் அவரும் இரக்கப்பட்டு நாலுக்கு இறங்கி வந்தார். எப்போதும் ஒரு படி முன்னால். ஒரு நாளும் தவறவில்லை.

மகளைக் கூப்பிட்டேன். அவள் மாமியார் வீட்டிலேயேதான் இருக்கிறாள், குர்கானில் வேலை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

"பெருசு பக்கத்துல இருக்கா?" என்று கேட்டேன். சம்பந்தியம்மாவுக்கு நாங்கள் இருவரும் வைத்திருந்த பெயர் அது. பெயர் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும், 'மாமியார்' என்றாலும் சந்தேகப்படுவார் என்று மகள்தான் ஏற்பாடு செய்தாள்.

"பெருசு இங்கதான் சோபாவில இருக்கு. ஸ்பீக்கர்லதான் பேசறேன், நீ சொல்லு, ஒண்ணும் புரியாது. ஜல்தி, எனக்கு மீட்டிங்."

"அது காலைல என்ன செய்யுதுன்னு கவனி. யாரோ விடை சொல்லிக் குடுக்காக."

"அம்மா, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மகளை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தபின் நானே யோசித்தேன். நான் ஆடுவது காலைக் காப்பியோடு. சுருக்கெழுத்துப் பழக்கம், வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். விடை கிடைத்ததும் ஒரு தரம் உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். அதைக் கேட்க எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஜீவன். அந்த ஜீவன், நான் விடை சொன்ன கொஞ்ச நேரத்தில், துளசிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று பால்கனிக்குப் போகும். தண்ணீர்ச் சொம்பை மறந்துவிட்டுப் போகும். போனை மறக்காது.

கட்டின புருஷனே உளவாளியா என்று நெஞ்சு கொதித்தது. ஆனால் கையில் சாட்சி இல்லாமல் கேட்டால் அழகாக நழுவிவிடுவார். ஒரு பொறி வைத்தேன்.

அன்று எனக்கு அதிர்ஷ்டம். இரண்டாவது வாய்ப்பிலேயே விடை விழுந்துவிட்டது: டைகர். புலி. வாயை இறுக மூடிக்கொண்டேன். கட்டங்களை குரூப்பில் போட்டுவிட்டு, காப்பியை ஒரு வாய் குடித்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "அட, சுகர்! எஸ், யூ, ஜி, ஏ, ஆர். நம்ம வீட்டு வார்த்தையே வந்திருக்கே!"

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "துளசி வாடுது," என்று எழுந்து போனார்.

நான் இரண்டில் முடித்திருப்பதால் சம்பந்தியம்மா ஒன்றில் முடித்தாக வேண்டும். டைகரிலும் சுகரிலும் பொருந்துகிற எழுத்துகள் இரண்டுதான்: நடுவில் இருக்கும் ஜி, கடைசியில் இருக்கும் ஆர். அவர் முதல் வரிசையில் சுகர் என்று போட்டால் நடுவிலும் கடைசியிலும் மட்டும் பச்சை வரும், மற்ற மூன்றும் கறுப்பாகும். பஸ் ஸ்டாப்பில் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது மணிக்குக் கட்டங்கள் வந்தன. முதல் வரிசை: கறுப்பு, கறுப்பு, பச்சை, கறுப்பு, பச்சை. அதற்குக் கீழே ஐந்து வரிசையும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அலைந்து, ஆறாவதில் தோற்றிருந்தது.

பஸ் ஸ்டாப் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் தள்ளி நின்றுகொண்டான்.

வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரஜோரி கார்டனில் மதியச் சாப்பாடு என்று ஏற்கெனவே பேச்சு. அங்கே, எல்லோர் முன்னாலும் பிடிப்பது என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் சம்பந்தி வீட்டுக்குக் கருவேப்பிலை, அப்பளம், பெருங்காயம் எல்லாம் வாங்கினேன். சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாது.

ஞாயிறன்று சம்பந்தியம்மா வாசலிலேயே கட்டிக்கொண்டார். சம்பந்தி வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், மீசைக்குள்ளேயே சிரிக்கிற மனிதர். அவரும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்ட பார்வையில் ஒரு கலக்கம் இருந்தது. நான் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

மேஜையில் ராஜ்மாவும் சாதமும் பூந்தி ரைத்தாவும் வந்தன. எல்லோரும் உட்கார்ந்ததும், காலியாக இருந்த ஒரு ஹாட்கேஸை எடுத்து நடுவில் வைத்தேன். "எல்லாரும் போனை இதுல போடுங்க," என்று இந்தியில் சொன்னேன். "இன்னைக்கு நானும் பெஹன்ஜியும் நேருக்கு நேர் ஐந்தெழுத்து ஆடப்போகிறோம். போன் இல்லாமல். பால்கனி இல்லாமல்."

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது.

சம்பந்தியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த ஆட்டம்? அந்தக் கட்டம் கட்டமாக வருமே, அதுவா? அதை நான் விட்டு இரண்டு மாசம் ஆகிறதே."

"விட்டாச்சா? அப்ப தினமும் வருகிறதே, அது?"

"அது இவர் ஆடுவது." கணவரைக் காட்டினார். "நான் நிறுத்தினால், நீங்கள் ஜெயித்ததும் பயந்து ஓடிவிட்டேன் என்று நினைப்பீர்கள். என் போனிலிருந்து நீங்களே ஏதாவது ஆடி அனுப்புங்கள் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். தினமும் ஜெயிக்கிறார்! வயதான காலத்தில் இவருக்கு இங்கிலீஷ் வந்துவிட்டதே என்று நானே ஆச்சரியப்பட்டேன்."

எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தோம். அவர் ராஜ்மாவைப் பார்த்தார்.

"பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் மேலே எனக்கு இங்கிலீஷ் ஏது பெஹன்ஜி?" என்றார் கடைசியில். என் வீட்டுக்காரரைக் காட்டினார். "பாய் சாப்தான் உதவி செய்தார். டீச்சர் போனிலிருந்து போகிறது, தோற்றால் நன்றாகவா இருக்கும்? அதனால் எப்போதும் ஒன்று குறைவாகப் போட்டேன். அவ்வளவுதான். புதன்கிழமைதான் பாய் சாப் ஏமாற்றிவிட்டார்."

"நான் ஏமாத்தலை! இவதான் சுகர்னு சொன்னா!" என்று பாய் சாப் பதறிப்போய்த் தமிழிலேயே உளறினார்.

"உங்களுக்கு இதுல என்ன லாபம்?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "நீ தோத்த அன்னைக்கு ஆபீஸ் விட்டு வந்தும் பேச மாட்ட. நான் ராத்திரி வரைக்கும் நிம்மதியாப் பேப்பர் படிக்கலாம்."

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் ரைத்தா கிண்ணம் ஆடியது. எனக்குக் கோபப்படத்தான் ஆசை. ஆனால் அந்த இரண்டு முகங்களும், வகுப்பில் காப்பியடித்து மாட்டிய பையன்கள் மாதிரி இருந்ததில் கோபம் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டது. அதைவிட என்னை அரித்தது இன்னொன்று. "அவ்வளவு பிரியமாக ஆடினீர்களே, ஏன் விட்டீர்கள் பெஹன்ஜி?"

அவர் நான் வாங்கிவந்த பையைத் துழாவி அப்பளப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தினார். "அ... ப்... ப... ள... ம். அப்பளம்."

என் மகளின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்தப் பொட்டலத்தை அவளால் படிக்க முடியாது.

"இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்து, அதில் ஐந்து. இது குழந்தைகள் விளையாட்டு," என்றார் சம்பந்தியம்மா. "தமிழைப் பார்த்தேன். எழுத்துக்கு முடிவே இல்லை. இதுதான் என் லெவல் என்று தோன்றியது. போனில் வீடியோ பார்த்துத் தினமும் காலையில் படிக்கிறேன். பேச வராது. கேட்டால் கொஞ்சம் புரியும்." பிறகு என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வகுப்பில் பின் பெஞ்சைக் கேட்கிற குரலில் கேட்டார்: "ஒன்று மட்டும் புரியவில்லை. இந்த வீட்டு சோபாவில் தினமும் ஒரு பெருசு உட்கார்ந்திருக்கிறதாமே. யார் அது?"

பிடிக்க வந்தவள் பிடிபட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் சமையலறைக்கு ஓடப் பார்த்தாள், மாப்பிள்ளை கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பெருசு என்றால்... பெரியவர்," என்றேன். "மதிப்புக்குரியவர். பெரிய மனிதர்."

"அச்சா?"

"ஆமா. ரொம்ப மரியாதையான வார்த்தை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "மரியாதையான வார்த்தையா? அப்படியானால் உங்கள் பெரிய அதிகாரியை நாளைக்கு ஆபீஸில் அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள்."

முதலில் சிரித்தது அவர்தான். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் காதருகே, "ஒரு சுற்றுச் சின்னது என்று எழுதினீர்களே, அதையும் நான் மறக்கவில்லை," என்றார்.

சாப்பிட்டு முடித்த பிறகு ஆடியே தீர வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். மாப்பிள்ளைதான் நடுவர். அவர் இரண்டு எழுத்துச் சொல்லவேண்டும், அந்த இரண்டும் வருகிற ஐந்தெழுத்து வார்த்தையை நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லவேண்டும். ஜியும் ஓவும் என்றார். நான் மேங்கோ என்றேன். சம்பந்தியம்மா கோஸ்ட் என்றார், குரூப் என்றார், வேகன் என்றார், மூச்சு விடாமல் போனார். உண்மையான டீச்சர். ரிட்டயர் ஆனாலும் சரக்கு அப்படியே இருந்தது. நான் திணறினேன்.

அடுத்து சியும் ஒய்யும். "கர்ரி," என்றேன் வேகமாக. "அது எங்கள் கறியிலிருந்து போன வார்த்தை. மேங்கோவும் எங்கள் மாங்காய்தான். சும்மா இங்கிலீஷ் இங்கிலீஷ் என்கிறீர்களே."

"கர்ரியா? அது எங்கள் கடி!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மோரும் கடலைமாவும் சேர்த்து அவர்கள் செய்கிற குழம்பின் பெயர் கடி. "இங்கிலீஷ்காரன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான்."

"முதல்ல வந்து எறங்குனது எங்க கடற்கரையில."

"இறங்கினான். ருசி பார்த்தது இங்கே."

போன் எல்லாம் ஹாட்கேஸில் இருந்ததால் யாரும் அகராதி பார்க்கவில்லை. மாப்பிள்ளை பயந்துபோய் இருவருக்கும் ஆளுக்கொரு மார்க் போட்டார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நான் போகிற போதெல்லாம் சம்பந்தியம்மா கடி செய்து வைக்கிறார், வேண்டுமென்றே.

இப்போது காலை வேளையில் குரூப்பில் கட்டங்கள் வருவதில்லை. அந்த நேரத்தில் சம்பந்தியம்மா எனக்குப் போன் செய்து தமிழ் வாசிக்கிறார். ழகரம் வரும்போது மட்டும் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி மோதிப் பார்க்கிறார். மகள் இப்போதெல்லாம் என்னோடு பேசவேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போகிறாள்.

போன வாரம் ஒரு நாள் கேட்டார்: "பெஹன்ஜி, வீட்டுக்காரரைத் திட்ட நல்ல தமிழ் வார்த்தை ஒன்று சொல்லுங்கள். ஐந்தெழுத்தில் வேண்டும்."

"புள்ளி வச்ச எழுத்தையும் சேத்து எண்ணணுமா?"

"எண்ணுங்கள். நான் எல்லா எழுத்தும் கஷ்டப்பட்டுத்தானே படித்தேன்."

நான் விரல்விட்டு எண்ணினேன். முட்டாள் நாலுதான் வந்தது. சோம்பேறியும் நாலு. யோசித்து யோசித்து மண்டூகம் கிடைத்தது. அர்த்தம் சொன்னேன். தவளை என்றும் சொல்லலாம், மரமண்டை என்றும் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே அடுத்த அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மண்டூகம் ஜி! சாய் தயார்!"

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்று சந்தோஷமாகப் பதில் வந்தது. ஏதோ பட்டம் கொடுத்துக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார் போல.